கையால் உலோகத்தில் செதுக்குதல்: பெங்களூரில் தொடங்க விரும்புவோருக்கு ஒரு வழிகாட்டி

எவர்சில்வர் பாத்திரம் வாங்கிய கையோடு அதில் பெயர் வெட்டித் தரச் சொல்வது நம் வீடுகளில் பழக்கம். கடைக்காரர் சிற்றுளியால் புள்ளி புள்ளியாகத் தட்டியோ, மின்சாரப் பேனாவால் கீறியோ எழுத்துகளை உருவாக்குவார். அங்கே உலோகம் நசுங்குகிறது, கீறப்படுகிறது. சீவலாக வெளியே வருவதில்லை. கத்தியின் பிடியிலும், பாக்குவெட்டியிலும், பித்தளைச் சிமிழிலும், மேல்நாட்டு வேட்டைத் துப்பாக்கிகளின் பக்கத் தகடுகளிலும் நாம் வியந்து பார்க்கும் கொடி வேலை வேறு முறையில் அமைவது. கூரிய முனையுள்ள எஃகுக் கோல் ஒன்று உலோகத்துக்குள் இறங்கி, கலப்பை மண்ணைப் புரட்டுவதுபோல ஒரு மெல்லிய சுருளை வெட்டி எடுத்துக்கொண்டே முன்னேறுகிறது. அது விட்டுச் செல்லும் பள்ளத்தின் இரு சரிவுகளும் ஒளியை வாங்கித் திருப்பித் தருகின்றன. லேசர் இயந்திரம் எரித்து உண்டாக்கும் கோட்டில் இந்த மினுக்கம் கிடைப்பதில்லை.

இந்தக் கலையைப் பொழுதுபோக்காகக் கற்க நினைக்கும் நம் நகரத்து நண்பர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, எந்த இயந்திரத்தை வாங்கலாம் என்பதே. காற்றழுத்தத்தால் இயங்கும் கைப்பிடிகள் நல்லவைதான். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்து எம்போரியாவில் உள்ள ஜி.ஆர்.எஸ். நிறுவனமும், ஸ்டீவ் லிண்ட்சே என்ற கைவினைஞரும் உருவாக்கியவை உலகெங்கும் புழங்குகின்றன. ஆயினும் அவற்றை இறக்குமதி செய்யச் சுங்க வரியும் சேர்ந்து பெருந்தொகை ஆகும். கம்ப்ரஸர் ஓடும் சத்தம் அடுக்குமாடி வீடுகளில் அண்டை வீட்டாருக்குத் தொல்லை தரும். அவை எல்லாவற்றையும்விட முக்கியமான காரணம் ஒன்று உண்டு: முனை சரியாகத் தீட்டப்படாத கோலை எந்த இயந்திரத்தில் பூட்டினாலும் அது உலோகத்தை வெட்டாது. ஆகவே இயந்திரத்தை ஓராண்டுக்குப் பின் யோசிக்கலாம். முனையைத் தீட்டும் வேலையை முதல் நாளிலேயே தொடங்க வேண்டும்.

வாங்க வேண்டியவை

வெட்டும் கோலுக்கு கிரேவர் என்று பெயர். நகரத்பேட்டையில் பொற்கொல்லர்களுக்கான கருவிகளை விற்கும் கடைகளில் ஆயத்தமான கிரேவர்களும் அவற்றுக்கான மரக் கைப்பிடிகளும் கிடைக்கும். அதற்குப் பதிலாக எஸ்.பி. ரோட்டிலோ பீன்யாவிலோ லேத் வேலைக்கு விற்கும் ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) சதுரத் துண்டுகளில் 1/8 அங்குல அளவை, கிடைத்தால் கோபால்ட் கலந்ததை, வாங்கி நாமே தீட்டிக்கொள்வதையே நான் பரிந்துரைப்பேன். சாதாரணக் கார்பன் எஃகால் ஆன கிரேவர் சாணைச் சக்கரத்தில் சூடேறி நீலம் பாய்ந்துவிட்டால் அதன் கடினம் போய்விடும். நீலமான பகுதி முழுவதையும் தேய்த்து நீக்கும்வரை அது பயன்படாது. ஹெச்.எஸ்.எஸ். இந்தச் சூட்டைப் பொறுத்துக்கொள்ளும் என்பதால் புதியவர்களுக்கு ஏற்றது. டங்ஸ்டன் கார்பைடு இன்னும் கடினமானது, ஆனால் பக்கவாட்டு அழுத்தத்தில் முனை சட்டென்று நொறுங்கும். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

தீட்டுவதற்கு 400, 1200 என இரு தரங்களில் வைரத் தகடுகளும், இறுதி மெருகுக்குச் சிறிது வைரப் பசையும் போதும். பார்வைக்கு இரண்டரை மடங்கு பெரிதாக்கும் தலையணி லென்ஸ் ஒன்று தேவை; இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம், ஏனெனில் கண்ணுக்குத் தெரியாததைக் கை திருத்த முடியாது. பயிற்சிக்கு ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் தடிமனுள்ள பித்தளைத் தகடு சிறந்தது. எடைக்கு விற்கும் கடையில் வெட்டுத் துண்டுகளாகவே வாங்கலாம். செம்பு மென்மையானதாக இருந்தாலும் முனையில் ஒட்டிக்கொண்டு இழுக்கும் குணமுடையது. பாத்திரங்களுக்குப் பயன்படும் 304 ரக எவர்சில்வர் வெட்ட வெட்ட இறுகிக்கொண்டே போகும் என்பதால், பழைய டம்ளரில் பழகிக்கொள்ளலாம் என்ற எண்ணத்தை முதலிலேயே விட்டுவிடுங்கள்.

முனையின் அமைப்பு

கிரேவரின் முனையில் மூன்று அளவுகள் முக்கியம். கோலின் முன்பக்கத்தைச் சாய்த்துத் தேய்த்த பரப்பு முகம் எனப்படும். பித்தளைக்கும் செம்புக்கும் அது கோலின் நீளவாட்டத்துக்கு 45 பாகையில் இருந்தால் போதும், இரும்புக்கும் எஃகுக்கும் 50 அல்லது 55 பாகையாகச் செங்குத்தாக்கினால் முனைக்குப் பின்னால் அதிக உலோகம் நின்று அதைத் தாங்கும். இரண்டாவது, கோலின் அடியில் இரு பக்கமும் தேய்க்கப்படும் சிறு பட்டைகள் கூடி அமைக்கும் 'வி' வடிவத்தின் அகலம். சதுரக் கோலின் மூலையை அப்படியே பயன்படுத்தினால் 90 பாகை. அது ஆழமான, ஒடுக்கமான கோட்டைத் தரும். 120 பாகையாக விரித்தால் கோடு அகலமாகி ஒளியை நன்றாகத் திருப்பும், முனையும் எளிதில் உடையாது. தொடக்கத்தில் 120 பாகையே நல்லது.

மூன்றாவது ஹீல். அடிப்பட்டைகள் இரண்டும் கோலின் அடிவிளிம்போடு 15 முதல் 20 பாகை வரை மேல்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். இந்தச் சாய்வுப் பகுதியே ஹீல். அது இல்லாத கோலைத் தகட்டின்மேல் வைத்தால் கைப்பிடி தகட்டோடு ஒட்டிப் படுத்துவிடும், விரல்களுக்கு இடமிருக்காது. சற்றுத் தூக்கினாலோ முனை கட்டுப்பாடின்றி ஆழமாக இறங்கும். ஹீல் இருக்கும்போது கைப்பிடி இயல்பாகவே உயர்ந்து நிற்கிறது, அந்தப் பட்டை பள்ளத்தின் அடியில் ஊன்றி வெட்டின் ஆழத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. கைப்பிடியை இம்மியளவு உயர்த்தினால் முனை இறங்கும், தாழ்த்தினால் மேலேறும். கற்பவர்கள் இந்த ஒன்றைப் புரிந்துகொண்டுவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஹீலின் நீளமும் அதே அளவுக்கு முக்கியம். நேர்கோடுகளுக்கு அரை மில்லிமீட்டர் வரை இருக்கலாம், வளைவுகளுக்கு 0.2 அல்லது 0.3 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. முனை ஒரு வளைவில் திரும்பும்போது ஹீலின் பின்பகுதி அதே பாதையில் திரும்புவதில்லை. அது பள்ளத்தின் வெளிவிளிம்பை உரசிக்கொண்டு வருகிறது. வளைவின் வெளிப்பக்கம் மங்கலாகவும் சிராய்ப்பாகவும் தெரிவதற்கு இதுவே காரணம். புதியவர்கள் இதைக் கைநடுக்கம் என்று நினைத்து மனம் தளர்வதுண்டு. ஹீலைக் குட்டையாக்கினால் அந்தச் சிராய்ப்பு மறைந்துவிடும்.

தீட்டும்போது கையை மட்டும் நம்பிக் கோணத்தைப் பிடிப்பது கடினம். பீன்யாவில் உள்ள சிறிய பட்டறை எதிலும் ஓர் எஃகுக் கட்டையில் 45 பாகைச் சாய்வில் ஒரு துளையும், ஹீலுக்கு ஏற்ற சாய்வில் இரு பக்கத் துளைகளும் இட்டுக் கடினமாக்கித் தரச் சொல்லலாம். கோலை அதில் செருகி, கட்டையோடு சேர்த்து வைரத் தகட்டின்மேல் இழுத்தால் கோணம் மாறாது. முதலில் முகத்தைத் தீட்டுங்கள். பிறகு 1200 தகட்டில் இரு ஹீல் பட்டைகளையும் ஒரே அளவாக, சில இழுப்புகளில் முடியுங்கள். இறுதியாக, தட்டையான மரத் துண்டில் வைரப் பசை பூசி, ஹீல் பட்டைகளை மெருகேற்றுங்கள். வெட்டிய கோட்டின் பளபளப்பு முழுவதும் இந்த மெருகிலிருந்தே வருகிறது. முனைக்குப் பின்னால், கோலின் மேற்புறத்தில் உள்ள உலோகத்தைச் சாணையில் முன்கூட்டியே குறைத்துவிட்டால் முகத்தின் பரப்பு சிறிதாகி, அடுத்தடுத்த முறை தீட்டுவது விரைவாகும். வெட்டும் இடமும் கண்ணுக்கு மறையாது.

கூர்மையைச் சோதிக்க, முனையைக் கட்டைவிரல் நகத்தின்மேல் அழுத்தாமல் சாய்வாக வைத்துப் பாருங்கள். சறுக்கினால் மொட்டை, வைத்த இடத்திலேயே பிடித்துக்கொண்டால் கூர். லென்ஸின் வழியே பார்க்கையில் முனையில் ஒளிப்பொட்டு ஒன்று தெரிந்தாலும் அது மழுங்கிவிட்டது என்றே பொருள். வேலையின் நடுவே திடீரென்று அதிக பலம் தேவைப்படுவதாகத் தோன்றினால், பலத்தைக் கூட்டாமல் எழுந்து போய்த் தீட்டிவிட்டு வாருங்கள். பெரும்பாலான வழுக்கல்களும் கைக்காயங்களும் மொட்டை முனையைப் பலத்தால் தள்ளும்போதே நேர்கின்றன.

பிடிப்பும் கைநிலையும்

செதுக்கும் பொருள் அசையாமல் நிற்க வேண்டும், அதே சமயம் தடையின்றிச் சுழலவும் வேண்டும். இதற்கென்று, பொருளை இறுக்கிப் பிடிக்கும், உருண்டை அடிப்பாகமுள்ள கனமான பந்து வைஸ் உண்டு. அது வாங்கும்வரை, மணல் நிரப்பித் தைத்த தோல் பையின்மேல் ஒரு மரக் கட்டையை வைத்து, அதில் அரக்கை உருக்கி ஊற்றித் தகட்டைப் பதித்துக்கொள்ளலாம். நம் ஆசாரிகள் குங்கிலியம், செங்கல் தூள், சிறிது எண்ணெய் கலந்து காய்ச்சும் கலவையும் இதே வேலையைச் செய்யும். வேலை முடிந்ததும் இளஞ்சூடு காட்டித் தகட்டைப் பெயர்த்து, ஒட்டியிருக்கும் அரக்கை ஸ்பிரிட்டில் ஊறவைத்துக் கரைத்துவிடலாம்.

கிரேவரின் கைப்பிடி உள்ளங்கையின் குழியில் அமர வேண்டும். கோல் ஆள்காட்டி விரலின் ஓரமாக நீண்டு, கட்டைவிரலுக்கு முன்னால் இரண்டு அல்லது மூன்று செ.மீ. மட்டுமே துருத்தி நிற்க வேண்டும். கட்டைவிரல் தகட்டின்மேல் ஊன்றி நிற்பது தடை போல வேலை செய்யும். முனை வழுக்கினாலும் அந்த அளவுக்குமேல் பாயாது. தள்ளும் விசை தோளிலிருந்தும் முன்கையிலிருந்தும் வர வேண்டும், மணிக்கட்டிலிருந்து அன்று. இடக்கை பொருளைச் சுழற்றும்; அது ஒருபோதும் முனைக்கு நேர் எதிரே இருக்கக் கூடாது. வளைவு வெட்டும்போது வலக்கை ஏறத்தாழ ஒரே இடத்தில் நிற்க, இடக்கைதான் தகட்டை முனைக்குள் திருப்பிக் கொடுக்கிறது. பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் உட்காராதீர்கள். பித்தளைச் சீவல் கண்ணை நோக்கித் தெறிப்பது மிகச் சாதாரணம்.

எஃகில் உள்ளங்கை விசை போதாது. அங்கே நீளமான கோலை இடக்கையில் பிடித்து, 50 கிராம் அளவுள்ள சிறு சுத்தியலால் விரைவாகவும் மென்மையாகவும் தட்டிச் செல்வது பழைய முறை. ஒவ்வொரு தட்டுக்கும் முனை ஓர் இழை நகரும். கோலின் சாய்வு மாறாமல் இருப்பதே இதில் திறமை.

பயிற்சியின் வரிசை

தகட்டை 400, 600 எமரித் தாள்களால் ஒரே திசையில் தேய்த்துக் கண் கூசாத பரப்பாக்குங்கள். வெள்ளை போஸ்டர் வண்ணத்தை மிக மெல்லியதாகப் பூசிக் காயவைத்தால் பென்சில் கோடு நன்கு பதியும். ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் இணைகோடுகளை வெட்டத் தொடங்குங்கள். கோலைச் சற்று உயர்த்தி முனையை உள்ளே இறக்கி, சீவல் எழுந்ததும் தாழ்த்தி, அதே உயரத்தில் தள்ளிக்கொண்டே போய், முடியும் இடத்தில் மேலும் தாழ்த்தி வெளியே வர வேண்டும். கோட்டின் முடிவில் கைப்பிடியைத் தூக்கி நெம்பினால் முனை ஒடிந்து பள்ளத்தில் தங்கிவிடும். அந்தத் துண்டு அடுத்த முனையையும் உடைக்கும். ஒரு சொட்டு மெல்லிய எண்ணெயை முனையில் தொட்டுக்கொண்டால் வெட்டு வழுவழுப்பாகும்.

இணைகோடுகளின் அகலம் ஒரே அளவாக வந்தபின் அரைவட்டங்களுக்குச் செல்லுங்கள். அடுத்து, கோட்டை மெல்லியதாகத் தொடங்கி, தள்ளும்போதே கோலை ஒரு பக்கமாக உருட்டி அகலமாக்கி முடிக்கும் வெட்டைப் பழகுங்கள். இலையின் விளிம்பு, எழுத்தின் தடித்த வளைவு எல்லாம் இதிலிருந்தே பிறக்கின்றன. இந்த வெட்டில் என் அனுபவத்தில் எவ்வளவு நேரம் செலவழித்தாலும் வீணாவதில்லை.

செய்ததைப் பதிவு செய்வதும் பயிற்சியின் ஒரு பகுதி. 19ஆம் நூற்றாண்டில் நியூயார்க்கில் துப்பாக்கிகளைச் செதுக்கிய எல். டி. நிம்ஷ்கே, தம் வேலைகளின் மைப்பதிவுகளைத் தாளில் எடுத்துத் தொகுத்து வைத்திருந்தார். அவருடைய சுருள் வடிவங்களை இன்று கற்க முடிவது அதனால்தான். தகட்டில் கருப்பு மையைத் தடவி, மேற்பரப்பை மட்டும் துடைத்து, ஈரத் தாளை அழுத்தி எடுத்தால் வெட்டின் குறைகள் உலோகத்தில் தெரிவதைவிடத் தாளில் தெளிவாகத் தெரியும்.

கொடியை வரைதல்

மேல்நாட்டுச் சுருள் முறையில் எல்லாமே ஒரு முதுகுத்தண்டிலிருந்து கிளைக்கின்றன. வெளியிலிருந்து உள்நோக்கிச் சுருங்கும் அந்தத் தண்டு எங்கும் தட்டையாகாமல், கோணமாகாமல் ஓட வேண்டும். இலைகள் அதன் ஓட்டத் திசையிலேயே பிரிந்து, அதைத் தொட்டபடி வளர வேண்டும். தண்டு பிழைத்தால் இலைகளால் அதை மறைக்க முடியாது. நமக்கு இதைக் கற்க அயல்நாட்டுப் படங்கள் மட்டுமே வழி என்றில்லை. கோயில் சிற்பத்தில் கொடிக்கருக்கு என்று வழங்குவதும் இதே இலக்கணத்தைக் கொண்டதே. மகர தோரணத்தில் மகரத்தின் வால் இலைச்சுருளாக விரிவதையும், அன்னப்பட்சியின் தோகை கொடியாக மாறுவதையும் பென்சிலால் வரைந்து பழகினால் வளைவின் நியாயம் கைக்கு வந்துவிடும். விடுமுறையில் ஊருக்குப் போகும்போது வரைபுத்தகத்தை எடுத்துச் செல்லுங்கள்.

இங்கேயே பார்க்கத்தக்கது பீதர் நகரத்துப் பித்ரி வேலை. எம்.ஜி. ரோடு காவேரி எம்போரியத்தில் அதை நேரில் பார்க்கலாம். துத்தநாகமும் சிறிதளவு செம்பும் கலந்து வார்த்த பாத்திரத்தின்மேல் மயில்துத்தக் கரைசலைத் தேய்த்துத் தற்காலிகமாகக் கருப்பாக்கி, அந்தக் கருப்பில் கோடுகள் பளிச்சென்று தெரியும்படி வெட்டி, வெள்ளியைப் பதித்து, இறுதியில் பீதர் கோட்டை மண்ணும் நவச்சாரமும் கலந்த கரைசலால் நிரந்தரக் கருமை ஏற்றுகிறார்கள். வெட்டும் முன் பரப்பைக் கருப்பாக்கிக்கொள்ளும் அந்த வழக்கம், வெள்ளை பூசுவதற்கு மாற்றாக நம் மேசையிலும் பின்பற்றத்தக்கது. ஆனால் மயில்துத்தம் நச்சுப் பொருள், கையுறை அவசியம்.

கத்தியும் சிறு பொருள்களும்

முதல் பொருளாகப் புதிய பித்தளைக் குங்குமச் சிமிழையோ சுண்ணாம்பு டப்பியையோ எடுக்கலாம். வார்ப்புப் பித்தளையில் காற்றுக்குழியும் மணல்துகளும் இருந்தால் முனை உடையும் என்பதால் தகட்டில் செய்ததைத் தேர்ந்தெடுங்கள். குரோம் பூசிய லைட்டர், சாவிக்கொத்து போன்றவற்றில் பூச்சு மிகக் கடினமாக இருந்து முனையைத் தின்றுவிடும். பூச்சில்லாத பித்தளை லைட்டர் கிடைத்தால் அது இனிமையாக வெட்டுப்படும். பாட்டியின் பாக்குவெட்டி போன்ற பழம்பொருள்களைத் தொட வேண்டாம். அவற்றின் பரப்பை ஒருமுறை வெட்டிவிட்டால் மீட்க முடியாது.

கத்தியில் அலகு செதுக்குவதற்கான இடம் அன்று. சூடாக்கிப் பதமேற்றிய அலகின் கடினம் ராக்வெல் அளவில் 58ஐ ஒட்டி இருக்கும்; ஹெச்.எஸ்.எஸ். முனை அதில் வழுக்கும். அலகுக்கும் பிடிக்கும் இடையே பொருத்தப்படும் போல்ஸ்டர்தான் நமக்குரியது. பித்தளையோ ஜெர்மன் சில்வரோ ஆனால் எளிது, 416 ரக எஃகானால் சற்று உழைக்க வேண்டும். அலகிலேயே வேலை வேண்டுமென்றால் கத்தி செய்பவரிடம் பேசி, பதமேற்றும் முன் வெட்டித் தர வேண்டும். எப்படியானாலும் அலகை முழுவதும் அட்டையாலும் டேப்பாலும் சுற்றிய பிறகே வைஸில் பூட்டுங்கள். சமையலறைக் கத்தியில் வாய்ப்பகுதி அருகே பள்ளம் வெட்டினால் உணவுத் துகள் தங்கித் துரு ஏறும். குடகு நண்பர்கள் இடுப்பில் செருகும் பீச்சேகத்தியின் வெள்ளி அணிவேலையைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால் தவறவிடாதீர்கள். உறையில் எங்கே நிறைக்க வேண்டும், எங்கே வெறுமையாக விட வேண்டும் என்பதற்கு அது நல்ல பாடம்.

நீளமான கத்திகளைப் பற்றிச் சட்டமும் பேசுகிறது. வீட்டு, விவசாய, தொழில் உபயோகத்துக்கென அமையாத, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகள் ஆயுத விதிகளின் கீழ் வருகின்றன. பிறர் கொண்டுவரும் பொருளை வாங்குமுன் இதை நினைவில் கொள்ளுங்கள்.

துப்பாக்கியைப் பொறுத்தவரை என் நிலை உறுதியானது: பொழுதுபோக்காகச் செய்பவர் தம் மேசைக்கு அதைக் கொண்டுவரவே கூடாது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு துப்பாக்கி செய்வதற்கும், மாற்றியமைப்பதற்கும், பழுது பார்ப்பதற்கும் தனி உரிமத்தைக் கோருகிறது. 8ஆம் பிரிவு அதிலுள்ள எண்ணையோ பெயரையோ அடையாளக் குறியையோ அழிப்பதையும் மாற்றுவதையும் தடை செய்கிறது. உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருக்கக் குடகு மக்களுக்குள்ள விலக்கு அச்சட்டத்தின் 3, 4ஆம் பிரிவுகளுக்கானது. மற்றப் பிரிவுகள் அவர்களுக்கும் பொருந்தும். தொழில்நுட்பக் காரணமும் இருக்கிறது. குழலும் தோட்டா அமரும் அறையும் வெடியழுத்தத்தைத் தாங்கும் பாகங்கள். அங்கே உலோகத்தைக் குறைப்பது உயிர் ஆபத்து. ஆஸ்திரியாவின் ஃபெர்லாக்கிலும் இத்தாலியின் கார்டோனேயிலும் இவ்வேலையைச் செய்பவர்கள், துப்பாக்கி முழுமையடையுமுன், கடினமாக்கப்படாத நிலையில் உள்ள பாகங்களைப் பெற்றே செதுக்குகிறார்கள். அந்த வடிவங்களின்மேல் ஆசையிருந்தால், பக்கத் தகட்டின் உருவத்தில் வெட்டிய மென்னிரும்புத் தகட்டில் அவற்றைச் செய்யலாம். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானுக்காகச் செய்யப்பட்ட துப்பாக்கிகளில் காணும் புலிவரிகள் அத்தகைய தகட்டுக்கு மிகப் பொருத்தமானவை. ஒவ்வொரு வரியும் மெல்லியதாகத் தொடங்கிப் பருத்து மீண்டும் மெலிவதால், உருட்டு வெட்டுக்கு அதைவிட நல்ல பயிற்சி இல்லை.

முடிப்பு

வெட்டிய பள்ளங்களின் ஓரத்தில் எழும் பிசிறை 1000 தர எமரித் தாளை ஒரு தட்டைக் கட்டையில் சுற்றி, ஓரிரு முறை மட்டும் தேய்த்து நீக்குங்கள். துணியால் அழுத்தித் துடைத்தாலோ பஃபிங் சக்கரத்தில் பிடித்தாலோ விளிம்புகள் உருண்டு, அத்தனை உழைப்பும் மங்கிவிடும். பிறகு கருப்பு எண்ணெய் வண்ணத்தைப் பள்ளங்களில் நிரப்பி, விரலில் சுற்றிய தாளால் மேற்பரப்பைத் துடைத்து, இரண்டு நாள் காயவிடுங்கள். பித்தளை மங்காமலிருக்க மெழுகு தடவலாம். எஃகானால் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு போதும். பெங்களூரின் மழைமாதங்களில் அதை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். கிரேவர்களையும் அதே எண்ணெய்த் துணியால் துடைத்து, ஒன்றோடொன்று முனை மோதாதபடி துளையிட்ட மரக் கட்டையில் தனித்தனியாக நிறுத்தி வையுங்கள்.